பட்ஜிக்கு விற்கும் ‘பிரீடிங் செட்’: எதற்குக் காசு கொடுக்கலாம், எதைக் கடையிலேயே விட்டுவிடலாம்

கோலாலம்பூரில் செந்தூல், ஜாலான் ஈப்போ பக்கமோ, பினாங்கில் ஜெலுத்தோங், ஆயர் ஈத்தாம் பக்கமோ, பறவைச் சாமான் விற்கும் எந்தக் கடைக்குப் போனாலும் சரி. வீட்டில் இருக்கும் பட்ஜி என்ற சின்னக் கிளி முட்டை போடப்போகிறது போலத் தெரிகிறது என்று வாய் திறந்தால் ஒரு பை தயாராக வந்துவிடும். பிளைவுட் பெட்டி, ஒரு பொட்டலம் பஞ்சு அல்லது மரச்சீவல், ரோஸ் நிறத்தில் ஒரு மினரல் கட்டி, ஒரு சோத்தோங் எலும்பு (கணவாயின் உள் ஓடு), ஒரு பாக்கெட் முட்டைத் தீனி, சின்ன பாட்டிலில் ‘வைட்டமின்’. ஆன்லைனில் ஷாப்பியிலும் லஸாடாவிலும் இதே கூட்டணிதான், பெயர் மட்டும் மாறும்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். இதில் விலை குறைந்த சாமான் சோத்தோங் எலும்புதான், பெட்டையின் உயிரைக் காப்பதும் அதுதான். பெட்டி நல்லதாக இருந்தால் வாங்கலாம், ஆனால் எல்லாருக்கும் அது தேவையில்லை. முட்டைத் தீனி பரவாயில்லை. பாட்டில் வீண். பஞ்சு ஆபத்து. உண்மையில் கைக்கு வேண்டிய இரண்டு சாமான், அதாவது ஒரு சின்ன டிஜிட்டல் தராசும் நாலைந்து போலி முட்டையும், இந்தப் பையில் இருப்பதே இல்லை.

காசை எடுப்பதற்கு முன்னால், பெட்டை நிஜமாகவே முட்டையிடும் நிலையில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கடைக்காரர்கள் பெரும்பாலும் அலகுக்கு மேலே உள்ள மூக்குச் சதையின் நிறத்தைக் கேட்டுவிட்டு முடிவு சொல்லிவிடுகிறார்கள். அது பாதி விஷயம். வெளிர் நிறமாக இருந்த சதை பழுப்பாகி, தடித்து, மேலே சொரசொரப்பாக ஆவது பெட்டையின் உடம்பு இனப்பெருக்கத்துக்குத் தயார் என்பதைக் காட்டும். அப்படியே பல வாரம் இருந்துவிட்டு முட்டையே போடாமல் மறுபடி வெளுத்துப்போகும் பெட்டைகளும் உண்டு. (நீல மூக்குள்ள ஆண் பட்ஜிக்குச் சதை பழுப்பானால் அது வேறு சங்கதி. விரையில் கட்டி இருக்கலாம், மருத்துவரிடம் காட்ட வேண்டும்.)

அடுத்த அறிகுறி நடத்தை. இருட்டான மூலையைத் தேடும், கூண்டின் அடித்தாளைக் கிழிக்கும், கட்டையைக் கொறித்துத் தள்ளும், ஜோடியைத் தவிர யார் கிட்ட வந்தாலும் கொத்தும். ஆனால் முட்டை நெருங்கிவிட்டது என்பதற்குப் பொய் சொல்லாத சாட்சி எச்சம்தான். சாதாரணமாகப் பட்டாணியைவிடச் சின்னதாக, அடிக்கடி விழும் எச்சம், முட்டைக்கு முன்னால் நாலைந்து மடங்கு பெரிதாகி, ஈரமாக, கெட்ட வாடையோடு, நீண்ட இடைவெளி விட்டு விழும். கூட்டை அசுத்தப்படுத்தாமல் அடக்கி வைத்துப் போவதுதான் காரணம். வயிற்றுப்போக்கு என்று நினைத்து மருந்து வாங்குகிறவர்கள் நிறையப் பேர். இதோடு, குச்சியில் உட்கார்ந்திருக்கும்போது வால் மெதுவாக மேலும் கீழும் ஆடி, எச்சத் துவாரத்தைச் சுற்றி உப்பலாகத் தெரிந்தால், பெரும்பாலும் ஓரிரு நாளில் முட்டை வந்துவிடும். ஜோடி சேர்ந்ததைக் கண்ணால் பார்த்திருந்தால், அங்கிருந்து எட்டுப் பத்து நாளில் முதல் முட்டையை எதிர்பார்க்கலாம். பிறகு ஒன்றுவிட்டு ஒரு நாள் ஒன்றாக, வழக்கமாக நாலு முதல் ஆறு வரை.

தராசு எதற்கு என்றால், இதையெல்லாம் ஊகிக்காமல் எண்ணாகப் பார்ப்பதற்கு. வீட்டுப் பட்ஜி முப்பது நாற்பது கிராம்தான் இருக்கும். முட்டை ஒன்று ஏறக்குறைய 2 கிராம். தினமும் காலையில் தீனிக்கு முன்னால் நிறுத்தால், முட்டை உருவாகும்போது எடை சில கிராம் ஏறுவது தெரியும். 0.1 கிராம் வரை காட்டும் நகை தராசு மாதிரியான சின்னத் தராசு போதும், அதன் மேல் ஒரு குச்சியை ஒட்டிவிட்டால் பறவை தானே ஏறி உட்காரும். முட்டையிட்ட பிறகும் எடை இறங்காமல் பெட்டை சோர்ந்திருந்தாலோ, ஒரேயடியாக இறங்கிக்கொண்டே போனாலோ, கண்ணுக்குத் தெரிவதற்கு முன்னால் தராசு சொல்லிவிடும்.

இப்போது பெட்டிக்கு வருவோம். பட்ஜிக்கு ஏறக்குறைய 15 சென்டிமீட்டர் அகலம், 15 சென்டிமீட்டர் ஆழம், 20 முதல் 25 சென்டிமீட்டர் உயரம் போதும். நுழைவுத் துளை 4 முதல் 5 சென்டிமீட்டர். ‘பெரிதாக இருந்தால் நல்லதுதானே’ என்று பட்ஜியைவிடப் பெரிய கிளியான காக்கட்டியலின் பெட்டியை எடுத்துக் கொடுப்பார்கள், அதன் துளையே பட்ஜிக்கு ஒரு வாசல். உள்ளே வெளிச்சம் அடிக்கும் பெட்டியில் பெட்டை நிம்மதியாக அடை உட்காராது.

கடையில் பெட்டியை வாங்குமுன் மூடியைத் திறந்து உள்ளே கையை விட்டுப் பாருங்கள். தரை தட்டையாக இருந்தால் வைத்துவிட்டு வாருங்கள். பாதிக்கு மேல் பெட்டிகள் அப்படித்தான் வருகின்றன, குறை அதில்தான் இருக்கிறது. தரையில் கரண்டிக் குழி போல ஒரு பள்ளம் குடையப்பட்டிருக்க வேண்டும். பள்ளம் இல்லாவிட்டால் முட்டை மூலைக்கு மூலை உருண்டு, அடைச்சூடு கிடைக்காமல் கூழாகும். பொரித்த குஞ்சு வழுக்கும் தரையில் காலை ஊன்ற முடியாமல் இரண்டு பக்கமும் விரித்துக்கொண்டே வளரும், அந்தக் கால் பிறகு சேராது. பள்ளம் துளைக்கு நேர் கீழே இருக்கக் கூடாது, எதிர்ப் பக்கமாகத் தள்ளி இருக்க வேண்டும். நேர் கீழே இருந்தால் பெட்டை உள்ளே குதிக்கும்போதெல்லாம் முட்டை மேலேயே இறங்கும். பள்ளம் இல்லாத பெட்டி ஏற்கெனவே கையில் இருந்தால், பள்ளம் குடைந்த அடிப்பலகையைத் தனியாக வாங்கிப் போடலாம்.

மூக்கை உள்ளே நுழைத்து முகர்ந்தும் பார்க்க வேண்டும். புது பிளைவுட்டில் பசை வாடை கண்ணைக் கரிக்கும் அளவுக்கு இருந்தால், அந்தக் காற்றைத்தான் பெட்டை வாரக்கணக்கில் சுவாசிக்கப்போகிறது. நாலைந்து நாள் வெயிலில் திறந்து வைத்தும் வாடை போகவில்லையென்றால் அந்தப் பெட்டி வேண்டாம். உள்ளே ஸ்டேப்பிள் முனையோ ஆணி முனையோ நீட்டிக்கொண்டிருக்கிறதா என்று விரலால் தடவுங்கள். சாயம் பூசிய பெட்டி அழகுதான், ஆனால் பெட்டை முதல் வேலையாகத் துளையின் விளிம்பைக் கொறிக்கும், சாயமும் சேர்ந்து வயிற்றுக்குள் போகும். பிளாஸ்டிக் பெட்டி கழுவ லேசு, நம் ஊர்ப் புழுக்கத்தில் உட்சுவர் வியர்த்துத் தரை நசநசக்கும். மரமே மேல்.

பெட்டிக்குள் போடுவதற்குப் பஞ்சையோ நூலையோ கொடுத்தால் வாங்காதீர்கள். பட்ஜி கூடு கட்டும் பறவை இல்லை, மரப்பொந்தில் முட்டையிடும் பறவை. பஞ்சு நூல் கால் விரலில் சுற்றி இறுகினால் இரத்த ஓட்டம் நின்று விரல் கறுத்து விழும். வாசனை இல்லாத பைன் மரச்சீவலை இரண்டு விரல் உயரத்துக்குப் போட்டால் போதும். பெட்டை அதில் பாதியை வெளியே அள்ளிக் கொட்டும், கொட்டட்டும். சீடார் மரச்சீவலின் வாசனை எண்ணெய் பறவையின் மூச்சுப்பைக்கு ஆகாது. பொட்டலத்தில் என்ன மரம் என்று எழுதாவிட்டால் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் எடுக்க வேண்டாம்.

பையின் இதயம் கால்சியம். இங்கேதான் விற்பனையும் விஷயமும் ஆளுக்கொரு திசையில் நிற்கின்றன. தினையும் கேனரி விதையும் மட்டும் தின்னும் பட்ஜிக்குக் கால்சியம் மிகக் குறைவு, பாஸ்பரஸ் அதிகம். முட்டை ஓடு ஏறக்குறைய முழுக்கக் கால்சியம் கார்பனேட். பெட்டை முட்டையிடும் நாளுக்கு முன்பே நீண்ட எலும்புகளுக்குள் கால்சியத்தைச் சேமித்து வைத்து, ஓடு கட்டும் நேரத்தில் அதை எடுத்துக் கொடுக்கும். அந்தச் சேமிப்பு இல்லாமல் முட்டை உருவானால் ஓடு தோல் போல மெத்தென்று வரும். கால்சியம் குறைந்தால் முட்டையைத் தள்ளும் தசையும் சுருங்காது, முட்டை உள்ளேயே சிக்கிக்கொள்ளும். எச்சம் பெரிதான அன்று கடைக்கு ஓடி வாங்கும் கால்சியம் அந்த முட்டைக்குப் பாதிதான் உதவும். ஜோடி சேர்ப்பதற்கு மூன்று நாலு வாரம் முன்பே தொடங்கினால்தான் பலன்.

சோத்தோங் எலும்பில் நல்லது கெட்டது பெரிதாக இல்லை. உடையாததாக, மஞ்சள் கறையோ வாடையோ இல்லாததாக எடுத்தால் போதும். மென்மையான பக்கம் பறவையைப் பார்த்திருக்கும்படி, கெட்டி ஓட்டுப் பக்கம் கம்பியைப் பார்த்திருக்கும்படி, குச்சிக்கு அருகில் கட்ட வேண்டும். திருப்பிக் கட்டிவிட்டு ‘தொடவே மாட்டேங்குது’ என்பார்கள், பட்ஜியின் அலகு அந்தக் கெட்டி ஓட்டில் வழுக்கும். சரியாகக் கட்டியும் தொடாவிட்டால் கத்தியால் சுரண்டித் தூளை முட்டைத் தீனியில் கலந்துவிடலாம். பசாரில் சோத்தோங் காத்தாக் (உள் ஓடு உள்ள கணவாய்) வாங்கிக் கழுவும் வீடாக இருந்தால் காசே வேண்டாம். எலும்பை எடுத்து, சதையைச் சுரண்டி, இரண்டு மூன்று நாள் தண்ணீரை மாற்றி மாற்றி ஊறவைத்து உப்பை இறக்கி, கால் மணி நேரம் கொதிக்கவைத்து, நல்ல வெயிலில் காயப்போட்டால் கடைச் சரக்குக்குக் கொஞ்சமும் குறையாது.

ரோஸ் நிற மினரல் கட்டி சோத்தோங் எலும்புக்கு மாற்று இல்லை. பல கட்டிகள் ஜிப்சம் சுண்ணாம்பில் சாயம் சேர்த்து வார்த்தவை, பெட்டைகள் அதை அலகு தீட்டத்தான் பயன்படுத்தும். அயோடின் சேர்த்த கட்டி என்றால் மட்டும் ஒரு நியாயம் உண்டு. விதை மட்டும் தின்னும் பட்ஜிகளுக்கு அயோடின் குறைந்து தொண்டையில் தைராய்டு வீங்குவது பழைய நோய்.

கால்சியம் தூளும் சில செட்டில் வரும். அதை விதை மேல் தூவச் சொல்லி பாக்கெட்டிலேயே எழுதியிருக்கும். பட்ஜி விதையின் உமியை உரித்துத் துப்பிவிட்டுப் பருப்பை மட்டும் விழுங்கும் பறவை. தூள் உமியோடு சேர்ந்து தட்டில் விழுந்துவிடும், நாமும் கொடுத்துவிட்டோம் என்று நிம்மதியாக இருப்போம். துருவிய கேரட், முளைகட்டிய தினை, முட்டைத் தீனி போன்ற ஈரமான எதிலாவது ஒட்டவைத்தால்தான் உள்ளே போகும்.

கால்சியம் உடம்பில் சேர வைட்டமின் டி3 வேண்டும், அதை வெயில் இலவசமாகத் தருகிறது. ஜன்னல் கண்ணாடி வழியாக வரும் வெயில் இதில் சேர்த்தி இல்லை, தேவையான கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும். காலை வெயிலில், கூண்டின் பாதிக்கு நிழல் வைத்து, இருபது நிமிடம் வெளியே வைப்பது நல்லது. காக்கையும் பூனையும் நெருங்காமல் ஒரு ஆள் பக்கத்தில் இருக்க வேண்டும். அடுக்குமாடியில் பால்கனியும் இல்லாதவர்களுக்கு டி3 சேர்த்த திரவக் கால்சியம் சரியான மாற்று. அளவை லேபிளில் உள்ளபடி கொடுக்க வேண்டும். டி3 கூடினால் சிறுநீரகம் கெடும் என்பதால், டி3 உள்ள இரண்டு மருந்தை ஒரே நேரத்தில் சேர்க்கக் கூடாது.

செட்டில் வரும் ‘வைட்டமின்’ பாட்டிலின் குறையும் இதுதான். அதில் என்ன, எவ்வளவு என்று பல நேரம் எழுதியிருப்பதே இல்லை. குடிதண்ணீரில் இரண்டு சொட்டு விடச் சொல்வார்கள். ஆஸ்திரேலியாவின் வறண்ட நிலத்திலிருந்து வந்த பறவை ஒரு நாளைக்குச் சில மில்லிலிட்டர்தான் குடிக்கும், தண்ணீரின் நிறமும் ருசியும் மாறினால் அதையும் குறைத்துக்கொள்ளும். சர்க்கரை சேர்ந்த சொட்டு மருந்து கலந்த தண்ணீர் கோலாலம்பூர் வெயிலில் மத்தியானத்துக்குள் வழவழவென்று ஆகிவிடும், அதில் கிருமி பெருகும். வயிற்றில் முட்டை சுமக்கும் பெட்டைக்கு அந்தத் தண்ணீரைக் கொடுப்பதைவிடச் சுத்தமான பச்சைத் தண்ணீரே மேல்.

முட்டைத் தீனி பாக்கெட்டில் காலாவதி தேதியைப் பாருங்கள், எண்ணெய்ச் சிக்கு வாடை வந்தால் வேண்டாம். வீட்டிலேயே செய்வதானால் கோழிமுட்டையைப் பத்துப் பன்னிரண்டு நிமிடம் வேகவைத்து, ஓட்டோடு நன்றாக நசுக்கி, ஜோடிக்கு ஒரு தேக்கரண்டி வைக்கலாம். இரண்டு மணி நேரத்துக்கு மேல் கூண்டில் விடக் கூடாது. கூடவே முருங்கைக்கீரை, சாவிக் கீரை (sawi), பாக் சோய் கொடுங்கள். பாயாம் கீரையில் (முளைக்கீரை வகை) ஆக்சலேட் இருப்பதால் கால்சியத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும், இந்த நாட்களில் அதைத் தவிர்க்கலாம். அவகாடோ எப்போதுமே விஷம்.

பெட்டியைக் கூண்டுக்கு வெளியே, மேல் மூலையில் மாட்டி, ஒரு கம்பிக் கதவோடு துளையைப் பொருத்துவது வசதி. கூண்டில் இடம் குறையாது, மூடியைத் திறந்து பார்ப்பதும் லேசு. ஏர்கான் காற்று நேராக அடிக்கும் இடமும், மேற்கு வெயில் விழும் பால்கனிச் சுவரும் ஆகாது. வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடும் வீட்டில் சாமி அறையிலிருந்து தள்ளி வையுங்கள். கொசுவர்த்திப் புகையும், காய்ந்து சூடேறிய நான்ஸ்டிக் சட்டியின் புகையும் பறவைக்குக் கேடு, சட்டிப் புகை நிமிடங்களில் கொன்றுவிடும். எறும்புதான் நம் ஊரின் பெரிய தொல்லை. முட்டைத் தீனி வாடைக்கு வரிசை கட்டிவந்து, பொரித்த குஞ்சைத் தின்றுவிடும். கூண்டு ஸ்டாண்டின் கால்களைச் சோப்புத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்தினால் போதும். எறும்பு மருந்துச் சாக்கட்டியும் ஸ்ப்ரேயும் வேண்டாம்.

இனி, செட்டே வாங்கக் கூடாதவர்கள். ஒற்றைப் பெட்டை வைத்திருப்பவர்கள். ஆண் இல்லாமலும் பெட்டை முட்டையிடும், அது பொரிக்காது. அதற்குப் பெட்டி வாங்கி மாட்டினால் ‘இன்னும் போடு’ என்று சொல்வதாகிவிடும். ஒரு வயதுக்குக் குறைந்த பெட்டைக்கும், இந்த வருடம் இரண்டு முறை குஞ்சு பொரித்த பெட்டைக்கும் பெட்டி வேண்டாம். குளிர் நாடுகளில் பகல் குறையும் காலம் வந்தால் பறவை தானாக ஓய்வெடுக்கும் என்று எழுதியிருப்பார்கள். நமக்கு வருடம் முழுக்கப் பகல் ஏறக்குறைய 12 மணி நேரம், தீனியும் எப்போதும் நிறைந்திருக்கும். ஓய்வை நாம்தான் உண்டாக்க வேண்டும். பெட்டியைக் கழற்றி, கண்ணாடியையும் இருட்டு மூலையையும் எடுத்துவிட்டு, கூண்டைச் சீக்கிரம் மூடி, வெளிச்சத்தை 8 முதல் 10 மணி நேரமாகக் குறைத்து, முதுகைத் தடவுவதை நிறுத்தினால் பெரும்பாலும் அடங்கும்.

ஏற்கெனவே முட்டை வந்துவிட்டால் ஒவ்வொன்றாக எடுத்து எறியாதீர்கள். காணாமல்போன முட்டைக்குப் பதில் இன்னொன்று போடும், உடம்பில் உள்ள கால்சியம் கரையும். போலி முட்டை இங்கேதான் பயன்படும். ஏறக்குறைய 18 மில்லிமீட்டர் நீளம், 14 மில்லிமீட்டர் அகலம் உள்ளதாக வாங்கி மாற்றி வைத்தால், மூன்று வாரம் உட்கார்ந்துவிட்டுத் தானே எழுந்து போகும். போலி கிடைக்காவிட்டால் அதன் முட்டையையே வேகவைத்து, ஆறியபின் பென்சிலால் குறியிட்டுத் திரும்ப வைக்கலாம். ஆணோடு இருக்கும் பெட்டையென்றால், அடைகாக்கத் தொடங்கிய ஆறேழு நாளில் முட்டைக்குப் பின்னால் சின்ன டார்ச் அடித்துப் பாருங்கள். சிவப்பு நரம்பு தெரிந்தால் உயிர் இருக்கிறது, அடை தொடங்கியதிலிருந்து ஏறக்குறைய 18 நாளில் பொரிக்கும்.

எந்த செட்டிலும் எழுதியிராத ஒன்று, முட்டை சிக்கிய பெட்டையை அடையாளம் காண்பது. கூண்டின் தரையில் இறகை உப்பிக்கொண்டு உட்காரும், காலை அகட்டி நிற்கும், வால் வேகமாக அடிக்கும், முக்கும், எச்சம் வராது. முட்டை நரம்பை அழுத்தினால் ஒரு கால் செயலிழக்கும். இது சில மணி நேரத்தில் உயிர் போகும் காரியம். வயிற்றை அமுக்கவோ, எண்ணெய் தடவி விரலால் தோண்டவோ கூடாது. முட்டை உள்ளே உடைந்தால் காப்பாற்றுவது கடினம். ஏர்கானை அணைத்து, சின்னப் பெட்டியில் துணி சுற்றிய வெந்நீர் பாட்டிலும் ஈரத் துண்டும் வைத்து, 30 டிகிரி சூட்டில் வைத்துக்கொண்டு, அப்படியே மருத்துவரிடம் போக வேண்டும்.

நாய் பூனை பார்க்கும் எல்லாக் கிளினிக்கிலும் பறவை பார்க்க மாட்டார்கள். முட்டை வருவதற்கு முன்பே இரண்டு மூன்று இடத்துக்குப் போன் செய்து, பறவை மருத்துவர் எந்த நாளில், எத்தனை மணி வரை இருப்பார் என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கோலாலம்பூர்க்காரர்களுக்குச் செர்டாங்கில் புத்ரா பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவமனை இருக்கிறது, அங்கேயும் முன்கூட்டியே கேட்டுவிட்டுப் போவது நல்லது. பினாங்குத் தீவில் இருப்பவர்கள், மருத்துவர் பட்டர்வொர்த் பக்கம் என்றால், சாயங்கால நேரத்துப் பாலத்து நெரிசலையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

ஆன்லைனில் வாங்குபவர்கள், பெட்டியின் உட்தரை தெரியும் படம் இல்லாவிட்டால் விற்பவரிடம் கேட்டு வாங்கிப் பாருங்கள். அனுப்ப மறுத்தால் வேறு கடை பாருங்கள். மரச்சீவல், சோத்தோங் எலும்பு, அயோடின் கட்டி மூன்றையும் செட்டாக இல்லாமல் தனித்தனியாக எடுத்து, மிச்சமாகும் வெள்ளியைத் தராசுக்கு வைத்துக்கொள்ளலாம்.